மைனஸ் நாற்பது

உங்களுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை யாராவது கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நான் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். தெருவில் வழி கேட்டால்கூட கையை ஒரு பக்கம் நீட்டிவிடுவேன். வீட்டிலிருந்து போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் நன்றாக இருக்கிறேன் என்பேன். அளந்து பார்த்துச் சொல்கிற பதில் இல்லை அது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதே பதில்தான். பெரும்பாலான மனிதர்கள் இப்படித்தான் என்று நினைக்கிறேன். தெரியாது என்று சொல்ல நேர்ந்தால் நாக்கு கொஞ்சம் தடுக்கிறது.

அந்த ஒரு சொல்லுக்கென்றே கம்ப்யூட்டருக்குள் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரிந்தது. சொன்னவள் எங்கள் கம்பெனியில் புரோகிராம் எழுதும் பெண்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் முதலாளியும் பிரிண்டரும். பின்னறையில் நாங்கள் மூன்று பேர். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் ஈயம் பற்றவைக்கும் புகை. நாங்கள் செய்வது உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அதை ஃப்ரீசரின் வெளிப்பக்கம் ஒட்டி, அதிலிருந்து ஒரு மெல்லிய வயரை உள்ளே விட்டுவிட்டால், உள்ளே எவ்வளவு குளிர் என்று காட்டிக்கொண்டே இருக்கும். குளிர் போதாவிட்டால் அலறும். ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் வாங்குவார்கள். நான் பெட்டியை மாட்டுகிறவன். மாட்டிய பெட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவனும் நான்தான்.

புரோகிராம் எழுதும் பெண்ணுக்கு 'நிச்சயமா' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அவள் முதலில் கேட்பது அதைத்தான். பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டது என்றால், நிச்சயமா? முதலாளிக்கு இன்று நல்ல மூடு என்றால், நிச்சயமா? என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். என்னை அண்ணே என்பாள். அவளுக்கு எதிர் மேசையில் இன்னொரு புரோகிராமர். அவனுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தது முதலாளி. தேநீரை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வான், அடுத்த நாளும் சுட்டுக்கொள்வான். ஆனால் கை சுத்தம். வேலை சுத்தம்.

ஒரு மழை நாளில் சாப்பிட்ட கையோடு நான் அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். வயரைப் பிடுங்கிவிட்டால் பெட்டியின் திரையில் நாலு கோடு மட்டும் வருகிறதே, பேசாமல் பூஜ்யம் என்று காட்டினால் என்ன?

"பூஜ்யம்னா பூஜ்யம் டிகிரிண்ணே. அது ஒரு பதில். நமக்கு வேண்டியது, பதில் இல்லேன்னு சொல்றது" என்றாள்.

பிறகு அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். அவர்கள் எழுதுவது சி என்ற மொழி. அதில் புள்ளி வைத்த எண்களைக் கணக்குப் போடும்போது, சாதாரண எண்களைத் தவிர இரண்டு விசேஷமான ஆட்களும் உண்டு. ஒன்று இன்ஃபினிட்டி, எல்லையில்லாதது. ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் பள்ளிக்கூடத்தில் குட்டுவார்கள். இங்கே குட்டுவதில்லை, இன்ஃபினிட்டி என்று ஒரு விடை வந்து நிற்கும். இன்னொன்றின் பெயர் நேன். எண் அல்ல என்று பொருள்படும் 'நாட் எ நம்பர்' என்பதன் சுருக்கம். இதற்கு விடை கிடையாது, என்னிடம் கேட்காதே என்று அர்த்தம்.

எனக்கு அந்த நேனை ரொம்பப் பிடித்துப் போயிற்று. அதனோடு எந்த எண்ணைக் கூட்டினாலும் நேன்தான். பெருக்கினாலும் நேன்தான். கணக்கில் ஓர் இடத்தில் தெரியாது என்று வந்துவிட்டால் கடைசி விடையும் தெரியாதுதான், நடுவில் யாரும் பூசி மெழுக முடியாது. அதைவிட ஒன்று: நேனும் நேனும் சமமா என்று கேட்டால், இல்லை என்று சொல்லுமாம். ஏன் என்று கேட்டேன்.

"உங்களுக்கும் ஒண்ணு தெரியல, எனக்கும் ஒண்ணு தெரியல. ரெண்டும் ஒரே விஷயம்னு யாருக்குத் தெரியும்?"

எதிர் மேசையிலிருந்து அவசரம், தன் பெண்டாட்டிக்கும் நேனுக்கும் ஆகவே ஆகாது என்றான். அவளுக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இல்லையாம்.

எண்களுக்கெல்லாம் இடம் போட்டுக் கொடுத்துவிட்டு, எண்ணாக இல்லாத ஒன்றுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்தார்களே, அந்த மனிதர்கள் யாரோ, எனக்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அவளிடம் இதைச் சொன்னேன். சிரித்தாள். அது மட்டும் போதாது, அதனிடம் கேள்வி கேட்கவும் தெரிய வேண்டும் என்றாள். குளிர் குறைந்துவிட்டதா என்று நேனிடம் கேட்டால் இல்லை என்னும். குளிர் போதுமா என்று கேட்டாலும் இல்லை என்னும். எதைக் கேட்டாலும் இல்லைதான். அதனால் குறைந்துவிட்டதா என்று கேட்டு மணி அடிக்கும் பெட்டி, வயர் அறுந்த அன்று வாயை மூடிக்கொண்டு இருக்கும். நம் பெட்டி அப்படிக் கேட்காது.

"குளிர் போதுமான்னு கேளு. ஆமான்னு வாயத் தொறந்து சொன்னா மட்டும் சும்மா இரு. மத்த எல்லாத்துக்கும் மணி அடி. அவ்வளவுதாண்ணே நான் எழுதினது" என்றாள்.

இதெல்லாம் போன வருடம். இந்த வருடம் ஒரு திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி ஒன்றில் பேட்டரி மாற்றப் போயிருந்தேன். அங்கே குறைமாதக் குழந்தைகளின் வார்டை ஒட்டி ஓர் அறை. தாய்மார்கள் கொடுத்த பாலைச் சின்னப் பாட்டில்களில் உறைய வைத்திருப்பார்கள். அந்த அறைக்குப் பொறுப்பான சிஸ்டர் வாய் ஓயாதவர், நல்ல மனசு. அன்றைக்கும் என்னைப் பார்த்ததும், உங்கள் பெட்டி உங்களைப் போலில்லை, தொந்தரவு கொடுக்காமல் இருக்கிறது, சனிக்கிழமையிலிருந்து ஆடாமல் அசையாமல் நிற்கிறது என்றார்.

திரையைப் பார்த்தேன். மைனஸ் நாற்பது.

பேட்டரியை மாற்றினேன். ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. ஃப்ரீசரின் கதவில் ஒட்டியிருந்த தகட்டில், அதிகபட்சக் குளிர் மைனஸ் இருபத்தைந்து என்று போட்டிருந்தது. மாடு கறக்கிறதைவிட அதிகமாகப் பால் எங்கிருந்து வரும்? சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்து வைத்தேன். வெளிக்காற்று உள்ளே போனது, வெள்ளையாகப் புகை இறங்கியது. திரையில் மைனஸ் நாற்பது. கொஞ்ச நேரம் திறந்தே நின்றேன். மைனஸ் நாற்பது. பிறகு வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். கதவின் கீல் பக்கத்தில், ரப்பருக்கு உள்ளே, அது துண்டாகிக் கிடந்தது. கதவு நசுக்கி நசுக்கி அறுத்திருக்கிறது.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். என்னவென்று சொன்னேன். அவர் முதலில் கேட்டது பெட்டியைப் பற்றி இல்லை.

"அப்ப பால்?"

வார்டில் இரட்டைக் குழந்தைகள். ஒரு பையன், ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவை, இரண்டையும் ஒரு கையில் ஏந்திவிடலாம். அம்மாவுக்குக் காய்ச்சல், பால் சுரக்கவில்லை. அவ்வளவு சின்னக் குடலுக்குப் பவுடர் பால் கொடுக்க டாக்டர் பயந்தார். இன்று ஒரு நாள் டிரிப்பில் ஓட்டலாம், நாளைக் காலையில் தாய்ப்பால் தொடங்கியாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதற்கு இருந்தது இந்த ஃப்ரீசர்தான். சனிக்கிழமை அந்தக் கட்டிடத்தில் மின்சார வேலை நடந்திருக்கிறது. கரண்ட் எவ்வளவு நேரம் போனது என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பாட்டில்கள் இப்போது கல்லாகத்தான் இருந்தன. நடுவில் இளகி மறுபடி உறைந்திருந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் வந்தால் கொட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆனால் அது வெறும் பால் இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் யாரோ ஒரு தாய் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக எடுத்துக் கொடுத்தது.

"எனக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் வேணும். கொட்டறதா, குடுக்கறதா" என்றார் சிஸ்டர்.

பெட்டியையும் அறுந்த வயரையும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். வழியிலேயே போன் செய்தேன். கோடு வரவில்லையா, நிச்சயமா என்று கேட்டாள். மைனஸ் நாற்பது என்றேன். சீக்கிரம் வாங்கண்ணே என்றாள்.

மேசையில் பெட்டியை வைத்துத் திறந்தாள், அதன் பதிவில் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மைனஸ் நாற்பதேதான். பிறகு தான் எழுதியதைத் திரையில் போட்டுப் பார்த்தாள். இருந்தது. வயர் அறுந்தால் கணக்கில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும், இன்ஃபினிட்டி வரும். வந்தால் அந்த இடத்திலேயே மடக்கி, நேன் என்று மாற்றிவிட வேண்டும் என்று அவள் கைப்படவே எழுதி வைத்திருந்தாள். ஆனால் பெட்டிக்குள் போய்ப் பார்த்தால் அந்த வரிகளின் தடயமே இல்லை. மடக்க ஆள் இல்லாமல் இன்ஃபினிட்டி அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறது. அங்கே ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். எல்லையில்லாததால் வகுத்தால் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் சாதாரணப் பூஜ்யம் இல்லை, உலகத்தில் அதற்குக் கீழே குளிரே கிடையாது என்கிற பூஜ்யம். நம் கணக்கில் மைனஸ் இருநூற்று எழுபத்து மூன்று. எங்கள் திரையால் மைனஸ் நாற்பதுக்குக் கீழே காட்ட முடியாது. அதனால் அதுவே மைனஸ் நாற்பது என்று காட்டிவிட்டது. குளிர் போதுமா என்று கேட்டதற்கு, போதும் போதும் என்று சொல்லியும் விட்டது.

அவள் எழுதிய வரிகள் எங்கே போயின என்று நான் கேட்பதற்குள் அவசரம் எழுந்து நின்றான். அவன் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"நாந்தான். ஸ்கிரீன் வேகத்துக்காகப் போன மாசம் ஒரு ஆப்ஷன் போட்டேன்."

திரை மெதுவாக வருகிறது என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் குறை சொன்னார்கள். பட்டனை அழுத்திவிட்டுக் கொட்டாவி விட வேண்டியிருக்கிறது என்று அந்தச் சிஸ்டரே சொன்னார். அவசரம் கம்பைலரிடம், அதாவது அவர்கள் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் புரோகிராமிடம், கணக்கை வேகமாக்கு என்று ஒரு சொல் சேர்த்தான். திரை பறந்தது. முதலாளி கேக் வாங்கி வெட்டினார், பெரிய துண்டு அவசரத்துக்கு. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. இந்தப் புரோகிராமில் இன்ஃபினிட்டியும் வராது, நேனும் வராது, நான் வாக்குக் கொடுக்கிறேன் என்பதுதான் அது. கம்பைலர் நம்பியது. வராது என்று வாக்குக் கொடுத்துவிட்ட பிறகு, வந்தால் மடக்கு என்கிற வரிகள் எதற்கு? சத்தம் போடாமல் எடுத்துவிட்டது.

நிச்சயமா அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பைலர் மேல தப்பில்ல. நாமதான் எல்லாம் தெரியும்னு அதுகிட்ட சொல்லியிருக்கோம்" என்றாள். நாம் என்றுதான் சொன்னாள். அவசரம் உட்கார்ந்தான்.

இதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்த ஆஸ்பத்திரி கைவிட்டால் அதைப் பார்த்து மற்றவர்களும் கைவிடுவார்கள், அப்புறம் டயர் கடைக்காரரிடம் மாடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். பாட்டில் கல்லாகத்தானே இருக்கிறது, பெட்டி கணக்கில் பிசகிவிட்டது, ஃப்ரீசருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமே என்றார். அநேகமாக அதுதான் உண்மையாகவும் இருக்கும் என்றார். அநேகமாக உண்மைதான். எனக்கும் அப்படியே தோன்றியது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் போனை எடுத்தாள். முதலாளி அவள் எதிரில் நின்றார், நாங்கள் இருவரும் பின்னால். சிஸ்டர் எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் முதலில் கேட்கவில்லை.

"சனிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் உள்ள எவ்வளவு குளிர் இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது, சிஸ்டர்."

சிஸ்டர் ஏதோ கேட்டார். இவள், இப்போது உறைந்திருக்கிறது, நடுவில் என்ன ஆனது என்று தெரியாது என்றாள். மறுபடி ஏதோ கேட்டார். உத்தேசமாகவாவது சொல்லேன் என்று கேட்டிருப்பார்.

"உத்தேசமா ஒண்ணு சொன்னா நீங்க அத நம்பிடுவீங்க. தெரியாது சிஸ்டர். எங்க பெட்டி சொல்லியிருக்க வேண்டியதும் அதத்தான். சொல்லல. தப்பு எங்களோடது."

அந்த நேரத்தில் அவளைப் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, பெருமையாக இருந்தது. சொந்தத் தங்கச்சி மேடையில் நிற்பது போல. மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் ஒரே பதில். கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் மாறாத பதில்.

போன் முடிந்ததும், கொட்டுகிறார்களாம் என்றாள். முதலாளி ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து கார் சாவியை மேசையில் வைத்தார். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியிலும் பால் வைத்திருக்கிறார்களே, அங்கேயும் நம் பெட்டிதானே, கேட்டுப் பார்க்கலாமா என்றார்.

அவசரம், கணக்கை வேகமாக்கு என்கிற அந்தச் சொல்லை எடுத்துவிட்டான். எடுத்ததும் பெட்டியின் திரை பழையபடி கொட்டாவி விட வைத்தது. மைனஸ் அறுபதுக்குக் கீழே எந்த எண் வந்தாலும் கோடு போடட்டும் என்று இன்னொரு வரியும் சேர்க்கட்டுமா என்று கேட்டான். சேர், ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டு என்றாள் நிச்சயமா. வயரை மேசையிலேயே பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம். பிறகு வெளியே மாட்டியிருந்த எல்லாப் பெட்டிகளுக்கும் ஆபீஸிலிருந்தே இன்டர்நெட் வழியாகப் புதிய புரோகிராமை அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் அவன் அவளைக் கூப்பிட்டு, ஒரு தடவை நீயும் பார்த்துவிடு என்றான். அவசரத்தின் வாயில் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

சிஸ்டர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. எங்களோடு காரில் வந்தார். முதலாளி ஓட்டினார், பக்கத்தில் நிச்சயமா. பின்னால் சிஸ்டருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவசரம். பாலம் தாண்டினோம். பிறகு அவசரம், மன்னிச்சிருங்க சிஸ்டர், அந்த வேகம் என்னால வந்தது என்றான்.

"ஸ்கிரீன் சீக்கிரம் வரணும்னு தினம் புலம்பினது நாந்தானேப்பா" என்றார் சிஸ்டர். கோபம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரியின் பால் அறை சிஸ்டருடையதைவிடச் சின்னது. ஃப்ரீசரின் மேல் ஒரு துடைக்கும் துணியும் யாரோ மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியும் இருந்தன. பெட்டி மைனஸ் இருபத்தொன்று புள்ளி ஆறு என்று காட்டியது. அங்கே பொறுப்பில் இருந்த அம்மா, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் சிஸ்டர் கையை நீட்டவில்லை.

"இது மட்டும் நெசம்னு எப்படி நம்பறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நியாயமான கேள்வி. பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கினேன். உடனே எண் போனது, நாலு கோடு வந்தது, அலறல் கிளம்பியது. வெளியே நடந்து போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். வயரைச் சொருகினேன். கொஞ்சம் தயங்கி, மைனஸ் இருபத்தொன்று புள்ளி ஐந்து. சிஸ்டர் என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே பிடுங்கினார். கோடு, அலறல். சொருகினார். எண். மறுபடி பிடுங்கினார். அங்கிருந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு, போதும்மா, அதுக்கும் உசுரு இருக்கு என்றார்.

பிறகு எங்கள் சிஸ்டர், பெட்டி பதிந்து வைத்திருந்த போன வாரத்துக் கோட்டுப் படத்தைக் காட்டச் சொன்னார். திரை மெதுவாக வந்தது, யாரும் குறை சொல்லவில்லை. கோடு நேராக இல்லை. கதவு திறந்த இடத்திலெல்லாம் சின்னதாக மேடு, மூடியதும் இறக்கம். மேடும் பள்ளமுமாக ஒரு வாரம் முழுக்க. சிஸ்டர் அதை விரலால் தொட்டுக்கொண்டே போனார். சனிக்கிழமை, ஞாயிறு, திங்கள். எங்கேயும் அது மைனஸ் பதினைந்தைத் தாண்டி மேலே வரவில்லை.

"ஆடுது. ஆடட்டும்" என்றார்.

நிச்சயமா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காரிலேயே ஒரு பொட்டலம் பிஸ்கட் இருந்தது, கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவசரத்திடம் நீட்டினாள். அவன் அதை மெதுவாகத் தின்றான்.

பால் அன்றைக்கே வர முடியாது, குளிர் விடாமல் கொண்டு போக ஒரு வண்டி இருக்கிறது, காலையில்தான் வரும் என்றார்கள். பாட்டில்களைத் தேர்ந்து தனித் தட்டில் எடுத்து வைத்து, அறையைப் பூட்டினார்கள். பெட்டியை நான் மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே வண்டி வந்தது. பாட்டில்கள் உறைந்தே இருந்தன. ஒன்றை இளக வைத்து, மெல்லிய குழாய் வழியாகப் பையனுக்கு இரண்டு மில்லியும் பெண்ணுக்கு ஒன்றரை மில்லியும் கொடுத்தார்கள். இரண்டு குழந்தைகளுக்கும் பால் தங்கியது. நான் புது வயரைக் கீலுக்கு மேல்பக்கமாக இழுத்து மாட்டினேன்.